“அவனைப் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும்!”

நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

இந்த மடல் வேண்டுமென்றேதான் தமிழில் வருகிறது. வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகள்கூட இத்தனை பக்கம் தமிழில் உட்கார்ந்து படிக்கமாட்டார்கள். ஆகவே பெரியவர்கள் கொஞ்சம் மனம்விட்டுப் பேசிக்கொள்ளலாம்.

எடிசனிலோ பிளெயின்ஸ்பரோவிலோ நாலு குடும்பம் கூடுகிற பாட்லக்கில், ஜி.பி.ஏ. எவ்வளவு, ஏ.பி. வகுப்பு எத்தனை என்ற விசாரணையெல்லாம் முடிந்தபிறகு யாராவது ஒருவர் சொல்வார்: “இவனைப் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும்!” மார்க்கைச் சொன்னபோது இருந்ததைவிட இப்போது முகத்தில் பூரிப்பு அதிகம். காரணம் புரியாததல்ல. புளியோதரை வாசனைக்காக லஞ்ச் டேபிளில் பிள்ளை ஒண்டியாக உட்கார்ந்துவிடுமோ, பேரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் வகுப்பே சிரிக்குமோ என்றெல்லாம் பயந்த வருடங்கள் பின்னால் இருக்கின்றன. எல்லாருக்கும் தெரிந்த பிள்ளை என்றால் அந்தக் கவலை விட்டது.

எல்லாருக்கும் தெரிந்திருப்பது வேறு, சிநேகிதம் வேறு. உயர்நிலைப் பள்ளியில் சொல்லப்படும் பொய்களில் நிறையப் பொய் முதலாவதைக் காப்பாற்றத்தான் சொல்லப்படுகிறது என்பது இந்த மடலின் கட்சி.

மன்ஹாட்டனின் தென்கோடியில், ஹட்சன் ஆற்றை ஒட்டி, சேம்பர்ஸ் தெருவில் நிற்கும் பத்து மாடிக் கட்டடத்தை உங்களில் பலர் ஏக்கத்தோடு அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி. 1904-இல் தொடங்கிய பள்ளி. காசு வாங்காத அரசுப் பள்ளி. ஒரே ஒரு நுழைவுத் தேர்வு, அதில் வாங்கும் மதிப்பெண், அவ்வளவுதான் அனுமதிக்கான வழி. ரோல்ட் ஹாஃப்மன், ரிச்சர்ட் ஆக்ஸல் என்று நோபல் பரிசு வாங்கியவர்கள் படித்த இடம். இன்று அங்கே பெரும்பான்மை ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள். ஏழாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் அனுப்பும் குடும்பங்கள் குவீன்ஸில் எத்தனையோ.

2012 ஜூன் மாதம் அங்கே ஒரு மொழித் தேர்வு அறையில் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் கைபேசியோடு பிடிபட்டார். போனைத் திறந்து பார்த்தால் அன்றைய தேர்வோடு நிற்கவில்லை. முன்னால் நடந்த ரீஜென்ட்ஸ் என்ற மாநிலத் தேர்வுகளின் தாள்களும் படமெடுக்கப்பட்டுச் சக மாணவர்களுக்குப் போயிருந்தன. 71 பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று நகரக் கல்வித் துறை சொன்னது. பலர் மறுபடி தேர்வெழுத நேர்ந்தது. 13 ஆண்டு காலம் பள்ளியின் முதல்வராக இருந்த ஸ்டான்லி டைட்டல், அந்த ஆகஸ்டிலேயே ஓய்வை அறிவித்தார்.

அந்த வருடம் நியூயார்க் நகரப் பள்ளிகளில் கைபேசிக்கே தடை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மெட்டல் டிடெக்டர் வைத்த பள்ளிகளின் வாசலில் வேனை நிறுத்தி, நாளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் போனை வைத்துத் தருவது ஒரு தொழிலாகவே நடந்தது. அந்த டாலரைக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் ஏழைப் பேட்டைப் பிள்ளைகள். நல்ல பெயர் எடுத்த பள்ளிகளில் தடை ஏட்டளவில்தான். போன் பையோடு உள்ளே போனது. ‘நம்ம பசங்க அப்படிச் செய்யமாட்டாங்க’ என்ற நம்பிக்கை பெற்றோரிடம் மட்டும் இருப்பதில்லை, நிர்வாகத்திடமும் இருக்கிறது.

ரீஜென்ட்ஸில் தேற 65 போதும். ஸ்டைவசன்ட் பிள்ளைக்கு அது தூக்கத்தில் எழுதும் தேர்வு. தேறிவிடுவோம் என்று தெரிந்த தேர்வில் ஏன் இத்தனை பேர் விடை கேட்டார்கள்? 85-ஐ 95 ஆக்கும் ஆசை ஒரு பங்கு இருந்திருக்கும். விடையை அனுப்புகிறவருக்கோ அந்தத் தாளில் ஒரு மார்க்கும் கூடப்போவதில்லை, மாட்டினால் முதலில் போவது அவர் தலை. பிறகும் அனுப்புவது எதற்கு?

கல்யாண வீட்டு மொய்யைப் போன்றது இது. இன்றைக்கு இயற்பியல் விடை நான் வைக்கிறேன், நாளைக்கு வரலாற்று விடை நீ வை. வீட்டுப்பாடத்தில் ஆரம்பிக்கும். ‘நீ கெமிஸ்ட்ரி முடி, நான் ஹிஸ்டரி முடிக்கிறேன், ராத்திரி பத்து மணிக்கு மாத்திக்கலாம்.’ இதில் யாரும் தப்பு செய்வதாக நினைப்பதில்லை. உதவி என்றுதான் நினைக்கிறார்கள். அதிகம் வைக்கிறவருக்கு வகுப்பில் ஒரு மரியாதை. நடைபாதையில் தோளைத் தட்டுவார்கள், குழு அரட்டையில் சேர்ப்பார்கள், சனிக்கிழமை விருந்துக்குக் கூப்பிடுவார்கள். விளையாட்டில் சுமார், பாட்டில் சுமார், ஆனால் கணக்கில் கெட்டி என்கிற பிள்ளைக்கு அந்தக் கட்டடத்துக்குள் பேர் வாங்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைகளில் அந்த ரகம்தான் அதிகம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த ஊழல் வெடிப்பதற்கு மூன்று மாதம் முன்பே, ஸ்டைவசன்ட்டின் மாணவர் பத்திரிகையான ‘ஸ்பெக்டேட்டர்’ பள்ளிக்குள் ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருந்தது. ஏதாவது ஒரு வகையில் காப்பியடித்திருப்பதாக ஒப்புக்கொண்டவர்கள் 80 சதவீதம். அதாவது ஐந்தில் நாலு பேர். பிள்ளைகள் தங்கள் பள்ளியைப் பற்றி அச்சிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பெரியவர்கள் ஜூனில் ஒரு போன் பிடிபட்ட பிறகுதான் அதிர்ச்சியடைந்தார்கள்.

மொய் காசாகவும் மாறும். 2011-இல் லாங் ஐலண்டின் கிரேட் நெக் பகுதியில், கல்லூரிக்குப் போய்விட்ட பழைய மாணவர் ஒருவர் 3,600 டாலர் வரை வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளின் பெயரில் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை எழுதிக்கொடுத்தார் என்று வழக்கு வந்தது. அந்தச் சில மாதங்களில் கைதானவர்கள் 20 பேர். யாரையும் தெரியாத வேறொரு பள்ளியில் தேர்வு மையம் பதிவது, அங்கே போலி அடையாள அட்டையைக் காட்டுவது என்பதுதான் முறை. தேர்வறையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குள் ஓடிய வதந்தி ஆசிரியர்கள் காதுக்கு எட்டி, பிறகு எஸ்.ஏ.டி. மார்க்குக்கும் பள்ளி மார்க்குக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் யார் யாருக்கு இருக்கிறது என்று பார்த்தபோதுதான் நூல் கிடைத்தது. இன்று உங்கள் பிள்ளை எஸ்.ஏ.டி.க்குப் பதியும்போது புகைப்படம் ஏற்றச் சொல்கிறார்களே, அது இந்த விவகாரத்துக்குப் பின் 2012-இல் வந்த ஏற்பாடு.

சரி, இப்படிப் பேர் வாங்கும் பிள்ளை வீட்டில் மட்டும் எப்படி அவ்வளவு தங்கமாக நடந்துகொள்கிறது? அதற்கு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ராபர்ட் ஃபெல்ட்மன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு சோதனை செய்து பார்த்தார். 1999-இல் வெளிவந்தது. 11 முதல் 16 வயதுக்குள் 32 பிள்ளைகள். குடிக்க ஒரு நல்ல பானம், வாயில் வைக்க முடியாத ஒரு பானம். ஒரு தடவை உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை மாற்றிச் சொல்ல வேண்டும், கசந்ததை ருசித்ததாக. முகம் முழுக்கக் கேமராவில் பதிவாகிறது. பிறகு அந்தப் படங்களை 58 கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, இவர் நிஜமாகவே ரசித்தாரா என்று கேட்டார்கள்.

தோழர் வட்டத்தில் பழகத் தெரிந்தவர்கள், செல்வாக்கு உள்ளவர்கள் என்று கணிக்கப்பட்ட பிள்ளைகளின் பொய்யைத்தான் பார்த்தவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொய்யை மறைப்பதில் சின்னப் பிள்ளைகளைவிட மூத்த பிள்ளைகள் தேவலை, பையன்களைவிடப் பெண்கள் தேவலை. பொய் சொன்னால் பேர் கிடைக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. எதிராளியின் முகத்தைப் படித்து அதற்கேற்பத் தன் முகத்தை வைத்துக்கொள்ளும் திறமை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டே ஆள் பிடிக்கலாம், அதை வைத்துக்கொண்டே கசப்பையும் மறைக்கலாம். அத்தைக்கு முன்னால் “சட்டை ரொம்பப் பிடிச்சிருக்கு அத்தை” என்று சொல்லச் சொல்லி அதற்குப் பயிற்சி கொடுத்ததும் நாம்தான். ஆகவே, எல்லாருக்கும் தெரிந்த உங்கள் பிள்ளை “டெஸ்ட் நல்லா எழுதினேம்மா” என்று கண்ணைப் பார்த்துச் சொன்னால், கண்ணைப் பார்த்துச் சொன்னது என்பதற்காக மட்டும் எதையும் முடிவு செய்துவிட வேண்டாம்.

இந்தச் செல்வாக்கு பிற்காலத்தில் என்ன ஆகிறது என்பதற்கும் பதில் இருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலனும் அவர் குழுவும் 184 பிள்ளைகளை 13 வயதில் பிடித்து, 23 வயதுவரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். பிள்ளைகளிடம் மட்டும் கேட்கவில்லை. அவர்கள் நண்பர்களிடமும் பெற்றோரிடமும் கேட்டார்கள். 13 வயதிலேயே காதல், சில்லறைத் திருட்டு, பார்க்க அழகாக இருக்கிறவர்களாகப் பொறுக்கிச் சிநேகம் என்று ‘பெரிய ஆள்’ வேடம் போட்டவர்களுக்கு அப்போது வகுப்பில் ஏக மவுசு. 22 வயதில் அந்த மவுசு போயே போய்விட்டது. மதுவாலும் கஞ்சாவாலும் வரும் தொல்லைகள் அவர்களிடம் 45 சதவீதம் அதிகம். சட்டச் சிக்கல்கள் 22 சதவீதம் அதிகம். கூட்டத்தின் கவனத்தைத் தக்கவைக்க ஒவ்வொரு வருடமும் வேடத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கூட்டமோ வளர்ந்து வேறு பக்கம் போய்விட்டது.

அதே குழுவின் இன்னொரு ஆய்வு 2017-இல் வந்தது. 169 பேரை 15 வயதிலிருந்து 25 வயதுவரை பார்த்த ஆய்வு. பதினைந்து, பதினாறு வயதில் நெருக்கமான ஒரு சிநேகிதம் வாய்த்தவர்களுக்கு 25 வயதில் பதற்றமும் மனச்சோர்வும் குறைவு, தன்மதிப்பு அதிகம். கூட்டத்தில் செல்வாக்காக மட்டும் இருந்தவர்களுக்கு, நாலு பேர் முன்னால் நிற்கும்போது வரும் பதற்றம் 25 வயதில் கூடியிருந்தது. நெருக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது மனதில் உள்ளதைச் சொல்லக்கூடிய ஒரு துணையை. எண்ணிக்கைக்கு அதில் இடமில்லை.

பிள்ளைகளோ எண்ணிக்கையில்தான் தோற்கிறோம் என்று நினைக்கிறார்கள். ‘எல்லாருக்கும் என்னைவிட ஃபிரெண்ட்ஸ் அதிகம்’ என்ற புலம்பலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் உண்மை! 1950-களின் கடைசியில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் இல்லினாய்ஸில் பத்து உயர்நிலைப் பள்ளிகளில் யாருக்கு யார் சிநேகம் என்று கேட்டுச் சேர்த்த தகவல்களை, 1991-இல் ஸ்காட் ஃபெல்ட் என்பவர் எடுத்து எண்ணிப் பார்த்தார். நிறையப் பேருக்குத் தம் நண்பர்களின் சராசரியைவிட நண்பர்கள் குறைவாகவே இருந்தார்கள். மர்மம் ஒன்றும் இல்லை. முப்பது பேரோடு பழகும் பெண் முப்பது பேரின் பட்டியலிலும் வருகிறாள். ஒருத்தியோடு பழகும் பெண் ஒரே பட்டியலில் வருகிறாள். யார் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அந்த முப்பதுக்காரிதான் கண்ணில் படுவாள். இந்தக் கணக்கை மட்டுமாவது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். எண்ணிக்கையில் பின்தங்கிவிட்டோம் என்ற தவிப்பில்தான் விடைத்தாளைப் படமெடுக்கக் கை நீள்கிறது.

இனி வீட்டுப் பக்கம். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நான்சி டார்லிங் என்ற ஆய்வாளர், பதின்வயதினரிடம் பேசத் தன் இளங்கலை மாணவர்களையே அனுப்பினார். அக்கா, அண்ணன் வயதுக்காரர்களிடம்தான் வாய் திறக்கும் என்பதால். கையில் 36 அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விஷயம்: காசை எதில் செலவழிக்கிறாய், யாரோடு சுற்றுகிறாய், எந்தப் படம் பார்த்தாய், வீட்டுப்பாடம் முடித்தாயா, பெரியவர் யாரும் இல்லாத விருந்துக்குப் போனாயா. பெற்றோரிடம் பொய் சொன்ன அட்டைகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார்கள். 98 சதவீதம் பேர் ஏதாவது ஓர் அட்டையையாவது எடுத்து வைத்தார்கள். சராசரியாக ஒருவர் எடுத்தது 12 அட்டை. நன்றாகப் படிக்கிறவர்கள், ஓய்வு நேரமே இல்லாமல் வகுப்பு வகுப்பாக ஓடுகிறவர்கள் என்று யாருக்கும் விலக்கு இல்லை.

‘அதனால்தான் நாங்கள் எதையும் கண்டிப்பதே இல்லை, சிநேகிதர் மாதிரி இருக்கிறோம்’ என்பவர்களுக்கு அதில் ஆறுதல் கிடையாது. எதற்கும் விதி வைக்காத வீட்டில் உண்மை கூடுதலாக வரவில்லை. பிள்ளை தன் வாழ்க்கையில் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று எடுத்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் விதி வைத்த வீட்டிலும் வரவில்லை. சில விஷயங்களுக்கு மட்டும் விதி வைத்து, ஏன் என்று விளக்கி, அதில் உறுதியாக நின்று, மற்றதைப் பிள்ளையிடமே விட்ட வீடுகளில்தான் பொய் குறைவாக இருந்தது. அதைவிட நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பெற்றோரோடு வாதாடும் பிள்ளைகள் குறைவாகப் பொய் சொன்னார்கள். வாதாடுவதென்றால் உள்ளதைச் சொல்லித்தானே வாதாட முடியும். ‘எதிர்த்துப் பேசாதே’ என்று நாம் அடக்குகிற வாயில்தான் உண்மை இருக்கிறது.

பெரியவர்கள் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். 2019 மார்ச்சில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் ‘வார்சிட்டி புளூஸ்’ என்ற பெயரில் 50 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். 33 பேர் பெற்றோர். நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மன் 15,000 டாலர் கொடுத்து மகளின் எஸ்.ஏ.டி. விடைகளைத் திருத்த வைத்தார். மகளுக்கு அது தெரியாது. தாய்க்கு 14 நாள் சிறைத் தண்டனை. அது கோடீஸ்வரர்கள் கதை என்று தள்ளிவிடலாம்தான். நல்ல பள்ளி மாவட்டத்தில் இருக்கும் உறவினரின் முகவரியைக் கொடுப்பது, இருபது மணி நேரச் சமூக சேவையை எண்பதாக எழுதுவது, கல்லூரிக் கட்டுரையைக் காசு கொடுத்து ‘செதுக்க’ வைப்பது இவையெல்லாம் யார் கதை? இதெல்லாம் சாப்பாட்டு மேஜையில்தான் பேசி முடிவாகிறது. பிள்ளை காதில் மாட்டியிருக்கும் ஏர்பாடில் பாட்டு ஓடுகிறதென்று நிச்சயமாக நம்ப வேண்டாம்.

2025 செப்டம்பரிலிருந்து நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் காலை மணியிலிருந்து மாலை மணிவரை மறுபடியும் போனுக்குத் தடை. அமைதி திரும்பும், பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், நல்லதுதான். தடை இருந்த காலத்தில்தான் ஸ்டைவசன்ட் விவகாரம் நடந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொய் வசூல் வீட்டுக்கு வந்தபிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல், கதவைச் சாத்திய அறையில் நடக்கும். இப்போது வீட்டுப்பாடம் எழுதிக்கொடுக்கச் செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. வீட்டுப்பாட விடைக்காகவே சேர்ந்த சிநேகிதம் இனிமேல் நிற்குமா என்பது பிள்ளைகளுக்கே ஒரு புதுக் கவலை.

நம்மிடம் உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லி இந்த மடல் முடிகிறது. ஒருநாள் காரில் வரும்போது பிள்ளை தானாகவே சொல்லும்: “அம்மா, எங்க கிளாஸ்ல பாதிப் பேர் காப்பியடிக்கிறாங்க. என்னையும் கேக்கறாங்க.” உடனே வரும் பதில், “நமக்கெதுக்குடா வம்பு, நீ உன் படிப்பைப் பாரு.” பேச்சு அத்தோடு முடிந்துவிடும், அடுத்த தடவை பிள்ளை சொல்லாது. காட்டிக்கொடுப்பவன் என்ற பட்டம் விழுந்தால் லஞ்ச் டேபிளில் இடம் போய்விடும் என்ற பயம் பிள்ளைக்கு உண்டு; அது நியாயமான பயம். காப்பியடிப்பவர்கள் பெயர் எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய், ‘முடியாது’ என்று சொன்னால் அதற்குப் பிறகும் உன்னோடு யார் பேசுவார்கள் என்று மட்டும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு பேராவது வந்தால், அந்தப் பிள்ளையைச் சனிக்கிழமை சாப்பிட அழைத்துவரச் சொல்லுங்கள். ஒரு பேரும் வரவில்லை என்றால் அடுத்த வாரமே பள்ளியின் கைடன்ஸ் கவுன்சிலரிடம் நேரம் கேளுங்கள். அப்படிப் போகும்போது, ஜி.பி.ஏ. பேச்சை எடுக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.